ஒரு பொம்மை, முந்நூறு நர்சம்மா

கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு முகூர்த்த மாசத்தில் தூக்கம் வராது, ஆடி மாசத்தில் தூக்கத்தைத் தவிர வேறெதுவும் வராது. ஆடி பிறந்தால் எங்கள் மண்டபத்தில் சத்தம் என்று கேட்பது புறாக்கள் போடுவதுதான். அதனால் இப்போதெல்லாம் ஆடியிலும் மார்கழியிலும் மண்டபத்தை மாநாட்டுக்கு விடுகிறோம். காஞ்சிபுரம் என்றால் வருகிறவர்களுக்கும் சௌகரியம். கூட்டத்துக்குக் கூட்டமும் ஆச்சு, கோயிலுக்குக் கோயிலும் ஆச்சு, போகும்போது ஒரு சேலையும் ஆச்சு.

நான் இங்கே மேனேஜர். படிப்பு ஆறாவதோடு நின்றுபோனது. மாநாடு என்றால் உட்கார நாற்காலி, பேச மைக், மத்தியானம் சாப்பாடு, அவ்வளவுதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஆடியில் கிராமத்து நர்சம்மாக்கள் முந்நூறு பேர் இரண்டு நாள் மாநாட்டுக்கு வந்தார்கள். அன்றைக்கு நான் பார்த்ததை இன்னமும் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரே கழிப்பறை இருக்கிற வீட்டில் எட்டுப் பேர் ஒரே முகூர்த்தத்துக்குக் கிளம்பிய காலை உங்கள் எல்லாருக்கும் வாய்த்திருக்கும். அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மணவறையில் குத்திய கலர் சீட்டு

மாநாட்டுக்கு முதல் நாளே பூர்ணிமா என்று ஒரு பெண் சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். யார், எந்த நேரத்தில், எந்த அறையில், எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்று பிரித்துப் போடுவதுதான் அவள் வேலை. நர்சம்மாக்கள் ஒவ்வொருவரும் தனக்கு எந்த வகுப்பு வேண்டும் என்று முன்னாடியே போனில் சொல்லியிருந்தார்களாம். அந்த ஆசையெல்லாம் கலர் கலராகச் சீட்டாகி ஒரு பையில் இருந்தது. என்னிடம் இருந்ததோ பெரிய கூடம், மாடியில் பந்திக் கூடம், மணமகன் அறை, மணமகள் அறை. படம் காட்டுகிற மிஷின் அவர்களிடம் இரண்டு.

மணவறைக்குப் பின்னால் தொங்குகிற வெல்வெட்டுத் துணியில் அந்தச் சீட்டுகளைக் குண்டூசியால் குத்த ஆரம்பித்தாள். டீ டம்ளரோடு போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு பச்சையை எடுத்து இடம் மாற்றினால் இரண்டு மஞ்சள் அந்தரத்தில் நிற்கும். மஞ்சளுக்கு இடம் பார்த்தால் பேசுகிறவர் ஒரே நேரத்தில் இரண்டு அறையில் இருப்பார். அவள் முகம் சுளிக்கவே இல்லை. எங்கள் ஊரில் சேலையில் புட்டாப் பூ ஒன்று தப்பினால், அதுவரை பிரித்துவிட்டு மறுபடியும் நெய்வார்கள். அப்படிப் பிரித்தாள், அப்படியே சேர்த்தாள். துணியில் ரோஸ் நிறம்தான் அதிகமாகத் தெரிந்தது. "அது இன்னாம்மா, ரோஸ் மட்டும் இவ்ளோ இருக்குது?" என்றேன். பிறந்ததும் அழாத குழந்தைக்கு மூச்சு கொடுக்கிற வகுப்பாம். முந்நூறு பேரும் அதைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்கள். பழகுவதற்குக் குழந்தைப் பொம்மை ஒன்றுதான் உண்டு. சொல்லிக்கொடுக்கிற டாக்டரம்மாவும் ஒருத்தர்தான். எல்லாரும் திரையில் பார்க்கலாம். பொம்மையைக் கையில் வாங்கிப் பழகுவது மட்டும் சிலபேர்தான், அதுவும் ஒரு தடவைக்கு ஆறு பேர்.

ஊசியை வாயில் கடித்துக்கொண்டே பூர்ணிமா சொன்னாள்: "மூணு பேர் கேட்டதைக் குடுத்தா நாலாவது ஆள்கிட்ட சாரி சொல்லணும் அங்கிள். எனக்குச் சம்பளமே அந்த சாரிக்குத்தான்."

மலையிலிருந்து வந்த செல்வராணி

செவ்வாய்க்கிழமை காலையில் நான் கேட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். காலடியில் ஒயர்க்கூடை, தோளில் ஈரத் துண்டு. போளூருக்கு மேலே மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்சாம். பெயர் செல்வராணி. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடிக்கவில்லை, பூர்ணிமா வந்துவிட்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் போய் நின்றார்.

அவருக்குப் பொம்மை வகுப்பு மறுநாள் மத்தியானம் போட்டிருந்தது. மறுநாள் வரை அவர் இருக்க முடியாது. அவர் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற நர்ஸ் அன்று சாயங்காலம் வரைக்கும்தான் இருப்பார். ஊரில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம், இன்றோ நாளையோ. மழை பிடித்தால் ஓடையில் தண்ணீர் வந்துவிடும், ஆம்புலன்ஸ் மேலே ஏறாது. மத்தியானம் ஆரணி பஸ்ஸைப் பிடித்தால்தான் கடைசி மலை வண்டி கிடைக்கும். இவ்வளவையும் சும்மா விலாசம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "போன வருசம் ஒரு கொழந்தை என் கையிலதாம்மா அழாமயே போயிடுச்சு. மூச்சு குடுக்கிற பை இருந்துச்சு. பை இருந்து இன்னா பண்றது, எனக்குக் கை நடுங்கிப்போச்சு."

பூர்ணிமா துணியிலிருந்த ரோஸ் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே சிக்னல் கிடைக்காததால் செல்வராணி சொன்ன விருப்பம்தான் கடைசியாக வந்து சேர்ந்ததாம். "இன்னைக்கு மத்த கிளாஸ் எல்லாம் நல்லா இருக்கும்மா, அதுல உக்காருறீங்களா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

செல்வராணி சொன்னார்: "பேச்சு கேக்க வரலை கண்ணு. அந்தப் பொம்மையை ஒருவாட்டி என் கையில குடுத்துட்டா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

ஆளுக்கொரு காரணம்

இதில் என்ன கஷ்டம், உள்ளூர் நர்ஸ் ஒருத்தரை நாளைக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தை இவருக்குக் கொடுத்தால் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். நீங்களும் அதைத்தான் நினைத்திருப்பீர்கள். தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு பூர்ணிமாவின் பின்னாலேயே போனேன். முசரவாக்கம் பக்கத்து நர்சம்மா தலையை ஆட்டிவிட்டார். "நாளைக்குப் புதன்கிழமைம்மா. தடுப்பூசி போடற நாள். நான் இங்க உக்காந்துக்கினு இருந்தா, அங்க கொழந்தைங்களைத் தூக்கிக்கினு வந்து நிப்பாங்க." அதற்காகத்தான் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரையும் முதல் நாளிலும், தங்கப்போகிற தூரத்து ஊர்க்காரர்களை இரண்டாம் நாளிலும் போட்டிருந்தாள். அவள் போட்டது சரியான கணக்குதான். செல்வராணி மட்டும் அந்தக் கணக்குக்குள் அடங்காத தூரத்து ஊர்க்காரர்.

ஐயம்பேட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் இந்த மாசக் கடைசியோடு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அவர் விட்டுக்கொடுப்பார் என்று எனக்கு நம்பிக்கை. அவரோ பூர்ணிமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அப்புறம் வர்ற பொண்ணு சின்னப்பொண்ணும்மா. நான் கத்துக்கினு போய்தான் அதுக்குக் காட்டணும். இல்லாட்டி என் எடம் காலியாவே கெடக்கும்." வயிற்றில் பிள்ளையோடு இருந்த இன்னொரு பெண் தன் வயிற்றைப் பார்த்தாள். பூர்ணிமா மேற்கொண்டு கேட்கவில்லை. ஆறை ஏழாக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, "ஏழாவது ஆள் வேடிக்கைதான் பார்க்கும். அதுக்கு டிவியே போதும்" என்றுவிட்டார். நடுவில் வேறு நேரமாவது கிடைக்குமா என்றால், முதல் வகுப்பு முடிந்ததும் டாக்டரம்மாவுக்குப் பெரிய கூடத்தில் படம் போட்டு நீளமான பேச்சு. அது முடிகிற நேரம் ஆரணி பஸ் கிளம்பியிருக்கும்.

படியில் உட்கார்ந்து சீட்டை விரலில் சுற்றிக்கொண்டே பூர்ணிமா சொன்னாள்: "இதுல ஒருத்தர் பொய் சொல்லியிருந்தாக்கூட எனக்கு ஈஸியா இருந்திருக்கும் அங்கிள்."

பொம்மைக்கு வெந்நீர்

அந்தப் பொம்மை வந்தபோது காற்று போன பந்து மாதிரி மடித்து ஒரு பைக்குள் இருந்தது. அதற்குள் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. சமையல் மாஸ்டர் முனுசாமியிடம் கொண்டுபோனேன். முனுசாமி ஆயிரம் பேர் சாம்பாரைக் கண்ணாலேயே அளக்கிற ஆள், கோபக்காரன். அவன் அண்டாவிலிருந்து வெந்நீர் மொண்டு, பச்சைத்தண்ணீர் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் பச்சைத்தண்ணீர் விட்டான். மறுபடியும் முழங்கை. பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

தண்ணீர் ஏற ஏற அது பொம்மையாகவே இல்லை. கனம் வந்துவிட்டது. கை கால் துவண்டு தொங்கியது. தலை பின்னால் சரிந்தபோது என் கை தானாகவே கழுத்துக்கு அடியில் போய்விட்டது. எனக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேரையும் நன்றாகத் துடைத்துச் சுற்றித்தான் என் கையில் கொடுத்தார்கள். அதற்கு முந்தின நிமிஷம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. இப்படித்தான் இருக்குமா? இதை இப்படி வைத்துக்கொண்டுதான் இந்த நர்சம்மாக்கள் எங்கேயோ ஒரு மலையில் தனியாக நிற்கிறார்களா? தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தபோது நான் மெல்ல நடந்தேன். பெருக்கிக்கொண்டிருந்த கன்னியம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்து, தன் கண்மையைத் தொட்டுப் பொம்மையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். மணமகள் அறையில் இருந்த டாக்டரம்மா அதைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா சொன்னார்: "கால்லயும் ஒண்ணு வெச்சுடும்மா. இன்னைக்கு முந்நூறு பேர் கண்ணு இதுமேலதான்."

இலை போட்டுட்டோம்

பூர்ணிமாவின் தாளில் 'ஹால் பி' என்று இருந்ததுதான் எங்கள் பந்திக் கூடம். அங்கே காலையில் ரத்தசோகை பற்றிய வகுப்பு. நாற்பது நர்சம்மாக்கள் நீளமேஜை முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நடத்துகிறவர் ஒல்லியான மனுஷர். மிஷினை மாட்டிவிட்டு அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பரிமாறுகிற ஆட்கள் வரிசையாக இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கூடத்தில் ஜனம் வரிசையாக உட்கார்ந்து, எதிரே ஒருத்தர் நின்றால், நின்றவர் பெண்வீட்டுக்காரர் என்றுதான் எங்களுக்குத் தெரியும். பின்னாலேயே கேசரி வந்தது. அதன் பின்னால் மத்தியானத்துக்குச் செய்த முருங்கைக்கீரைப் பொரியலும் வந்துவிட்டது.

நான் மூச்சு வாங்க ஓடிப்போய், இலையை எடுக்கச் சொன்னேன். முனுசாமி கரண்டியோடு குறுக்கே நின்றான். பாடம் நடத்துகிறவர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கீரை வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் மிஷினை அணைத்துவிட்டு, அந்தக் கீரையைக் காட்டியே பாடத்தை ஆரம்பித்தார். நர்சம்மாக்கள் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்டார்கள். அத்தனை கேள்வி நான் எந்த மாநாட்டிலும் கேட்டதில்லை.

முனுசாமி என்னிடம் சொன்னது இது: "பந்தியில உக்காந்தவங்களை எழுப்பச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு மேனேஜரு? போ, அந்த சாரையும் உக்காரச் சொல்லு, இலை போடறேன்."

மணமகன் அறையில் தூங்கியவர்கள்

மணமகன் அறையில் கட்டில் உண்டு, மெத்தை உண்டு. அங்கே மனபாரத்தைக் குறைப்பது எப்படி என்று ஒரு வகுப்பு. நான் ஜன்னல் பக்கமாகப் போனபோது உள்ளே பேச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. எட்டிப் பார்த்தேன். முதல் நாள் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு நேரே பஸ் ஏறி வந்தவர்கள் பாதிப்பேர். கட்டிலில் நாலு பேர், ஜமக்காளத்தில் ஏழெட்டுப் பேர், சுவரில் சாய்ந்தபடி மிச்சப்பேர், எல்லாரும் தூங்கிவிட்டார்கள். பேச வந்த பெரியவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த அமைதியிலேயே எழுந்துவிடுவார்கள் என்று பயந்து, தாலாட்டு மாதிரி குரலைத் தணித்துப் பேசிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

எல்லாரும் நன்றாக அயர்ந்த பிறகு வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு அவர் சொன்னார்: "நான் பேசினதுக்கு இவ்ளோ சீக்கிரம் பலன் கெடைச்சு இன்னைக்குத்தாங்க பார்க்கிறேன்."

அம்மன் வந்த நேரம்

எங்கள் தெரு அம்மனுக்கு ஆடிச் செவ்வாயில் தேர். எப்போதும் வெயில் தாழ்ந்துதான் வடம் பிடிப்பார்கள். மாநாடு முடிந்த பிறகுதான் தேர் வரும் என்று பூர்ணிமாவிடம் சொல்லியும் இருந்தேன். அன்றைக்கு மேகம் கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, மழைக்கு முன்னால் நிலை சேர்த்துவிட வேண்டும் என்று காலையிலேயே இழுத்துவிட்டார்கள். தெருக்கோடியில் பம்பைச் சத்தம் கேட்டது. தேர் உயரம், கம்பியில் தட்டும். அதனால் தெருவுக்கே கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டார்கள். டாக்டரம்மா பெரிய கூடத்தில் பேச்சை அப்போதுதான் ஆரம்பித்திருந்தார். திரை இருட்டானது, மைக் செத்தது.

பூர்ணிமா ஓடிவந்தாள். "ஜெனரேட்டர் இருக்குல்ல அங்கிள்?"

"இருக்குதும்மா. வாசல்ல இருக்குது."

"போடுங்களேன்."

"தேர் நம்ம வாசல்ல நின்னுதான் ஆரத்தி வாங்கும். அம்மன் மொகத்துல புகை அடிக்கிற மாதிரி எவனும் ஜெனரேட்டர் போடமாட்டான். நான் போட்டா என்னை ஊரே தூக்கிப் போட்டுடும்."

அதற்குள் நர்சம்மாக்கள் செருப்பை விட்டுவிட்டு வாசலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். பூர்ணிமா அப்படியே மணவறைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு உழைப்பும் போச்சே என்று நினைத்தேன். ஆனால் அவள் அழவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் சீட்டு சீட்டாகத் தாவிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, கரண்ட் இல்லாமல் நடக்காத வகுப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். கடைசியில் துணியில் நின்றது ரோஸ் மட்டும்தான். வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த டாக்டரம்மாவின் முன்னால் போய் நின்றாள். "டாக்டர், தேர் இங்க நிக்கிற வரைக்கும் நீங்க ஃப்ரீ. பொம்மைக்குக் கரண்ட் வேணாம்."

டாக்டரம்மா வாசலைப் பார்த்தார். கையில் சூடத்துக்கு எடுத்துவைத்திருந்த சில்லறை இருந்தது. அதைக் கன்னியம்மாவிடம் கொடுத்து, "எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு மணமகள் அறைக்குத் திரும்பினார். செல்வராணி ஏற்கெனவே அந்தக் கதவோரத்தில்தான் நின்றிருந்தார். அம்மனைப் பார்க்க அவர் நகரவே இல்லை.

அறைக்குள் வெளிச்சம் போதவில்லை. ஜன்னல் திரையை நான் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும், அதனால் நானும் அங்கேயே நின்றேன். மேஜைமேல் பொம்மை கிடந்தது. டாக்டரம்மாவின் கையில் ஒரு குழாய். அதன் முனையில் இருக்கிற உருண்டையை அவர் அமுக்கினால்தான் பொம்மை அழும். செல்வராணி துடைத்தார், முதுகைத் தேய்த்தார், சின்ன மூடியை மூக்கும் வாயும் மறைகிற மாதிரி வைத்துப் பையை அமுக்கினார். பொம்மையின் நெஞ்சு அசையவில்லை. காற்று ஓரமாகப் போய்விட்டது. அவர் கை நடுங்குவது எனக்கே தெரிந்தது. "தலையை இவ்ளோ பின்னால சாய்க்காத. பூவை மோந்து பார்க்கிற மாதிரி வை. மறுபடியும்" என்றார் டாக்டரம்மா. இந்தத் தடவையும் நெஞ்சு அசையவில்லை. வெளியே பம்பையும் உடுக்கையும் உச்சத்துக்குப் போயின. ஒரு பெண் அருள் வந்து கத்தினாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலைம்மா" என்றார் செல்வராணி. "கேக்க வேணாம். நெஞ்சைப் பாரு. நெஞ்சை மட்டும் பாரு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். மூடியை வைத்தார். அமுக்கினார். நெஞ்சு ஏறியது.

ரப்பர்தான். உள்ளே இருப்பது முனுசாமி ஊற்றிய தண்ணீர்தான். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்கியபோது என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மன் என் வாசலில் நிற்கும்போது நான் உள்ளே இருந்ததில்லை. அன்றைக்கு இருந்தேன், அதற்காக வருத்தமும் படவில்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, செல்வராணி விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா உடனே அழவிடவில்லை. நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் உருண்டையை அமுக்கினார். அத்தனை பம்பைச் சத்தத்துக்கு நடுவில் பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை. பழையபடி துவளவிட்டு மறுபடி செய்யச் சொன்னார். தேர் நகர்கிற வரைக்கும் செய்யவைத்தார்.

கடைசியில் செல்வராணி இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நடுங்கலைங்கம்மா. பாருங்களேன், நடுங்கலை."

கத்தரிக்காய் மூட்டைமேல்

தேர் போன தெருவில் பஸ் போகாது, ஆட்டோவும் போகாது. ஆரணி பஸ் கிளம்புகிற நேரம் நெருங்கிவிட்டது. முனுசாமியின் காய்கறி வண்டி பின்வாசலில் நின்றது. கேட்பதற்கு முன்பே அவன் சாவியை எடுத்துவிட்டான். திருப்பருத்திக்குன்றம் பக்கமாகச் சுற்றி, ஊரைத் தாண்டிப் போய் பஸ்ஸை மடக்கினானாம். முன்னால் இடம் இல்லாததால் செல்வராணி பின்னால் கத்தரிக்காய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். வண்டி தெருமுனை திரும்புகிறவரை பூர்ணிமா கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். அப்புறம் உள்ளே போய், பிடுங்கிய சீட்டுகளை ஒன்றுவிடாமல் மறுபடியும் குத்த ஆரம்பித்தாள். ரத்தசோகை வகுப்பின் நாற்பது பேருக்குத்தான் சாப்பாடு முடிந்துவிட்டதே, அவர்களை எல்லாரும் சாப்பிடுகிற நேரத்துக்கு நகர்த்தினாள். நின்றுபோன வகுப்புகள் ஒவ்வொன்றாக இடம் பிடித்தன. சாயங்காலத்துக்குள் ஒரு வகுப்புகூட விட்டுப்போகவில்லை. எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

திரும்பி வந்த முனுசாமி அடுப்புப் பக்கம் போகாமல் என்னிடம் வந்து சொன்னான்: "வண்டி அந்தக் குலுங்கு குலுங்குது, கண்ணாடியில பார்த்தா அந்தம்மா மூட்டையைப் பிடிக்கலைபா. ஒரு கை எதையோ மூடிப் பிடிக்கிற மாதிரி, ஒரு கை எதையோ அமுக்குற மாதிரி, அப்பிடியே வெச்சுக்கினு வருது."

பாறைமேல் நின்று பேசிய போன்

அந்த வாரம் முழுக்க மழை. மேற்கே மலையில் இன்னும் அதிகம் என்றார்கள். மேகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓடை ஞாபகம்தான். ஒரு நாள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத நம்பர், காற்றுச் சத்தம். செல்வராணி. சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று பேசுகிறாராம். முனுசாமியிடம் வாங்கிக்கொண்டு போன நம்பராம். அந்தப் பெண்ணுக்கு விடியற்காலையில் வலி எடுத்ததாம். ஓடையில் தண்ணீர். ஆம்புலன்ஸ் அக்கரையிலேயே நின்றுவிட்டதாம். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"தல வெளிய வந்ததும் பையைக் கையில எடுத்துக்கினேங்கய்யா. மூடியைப் பார்த்துக்கினேன். துணி விரிச்சு ரெடியா நின்னேன்."

"அப்புறம்?"

"கத்திடுச்சுங்கய்யா. நான் துடைக்கக்கூட இல்லை, அதுக்குள்ள அப்பிடி ஒரு கத்து. எனக்கு ஒரு வேலையும் வெக்கலை. பொட்டைப்புள்ள. கூரை பிச்சிக்கினு போற மாதிரி கத்துது. எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் பையைப் பிடிச்சுக்கினு நிக்கிறேன்."

அவ்வளவு தூரம் வந்து, அம்மனைக்கூடப் பார்க்காமல் கற்றுக்கொண்டு போனது வீணா என்று ஒரு நொடி தோன்றியது. அவர் குரலைக் கேட்டதும் அது போய்விட்டது. பை இருக்கிறது, இப்போது கையும் இருக்கிறது, அந்த மலைக்கு அது போதும். பூர்ணிமாவிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

வைப்பதற்கு முன்னால் செல்வராணி சொன்னார்: "பையைத் துடைச்சு மறுபடியும் பொட்டியிலயே வெச்சுட்டேங்கய்யா. எப்பவும் அது பொட்டியிலயே இருக்கட்டும்."

யாரை எந்த அறையில் எந்த நேரத்தில் உட்காரவைப்பது என்று நாங்கள் குண்டூசியும் கையுமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, வரவேண்டிய ஆள் மட்டும் விருப்பமும் சொல்லாமல், நேரமும் கேட்காமல், தானே வந்து, வந்துவிட்டேன் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டுத்தான் நிறுத்துகிறது.